கழுவாத தொட்டியில் மிஞ்சிய அமிலம்

மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் பதினெட்டு வருஷமாக வேலை பார்த்தவளை எல்லோரும் 'மூக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். மூடியைத் திறக்கும் முன்பே எந்த அமிலம் என்று சொல்லிவிடுவாள். அந்த மூக்கின் நுனியில்தான் கோபமும் குடியிருந்தது.

அந்த வாரம் ரியாக்டர் தொட்டியிலிருந்து இறங்கிய சரக்கு முழுவதும் பாழ். மருந்தோடு அசிட்டிக் அமிலத்தின் துண்டு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் நூற்றில் ஏழு பங்கில் புரப்பியானிக் என்ற வேறு அமிலத்தின் துண்டு ஒட்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அந்தக் காகிதத்தை வைத்தே, ரியாக்டர் ஓட்டிய அவள் தம்பியை மேலாளர் சஸ்பெண்ட் செய்தார்.

மேலாளர் சொன்னது காதுக்குச் சரியாகத்தான் பட்டது. வெறும் அமிலம் லேசில் மருந்தோடு ஒட்டாது. இரண்டு அமில மூலக்கூறுகள் தண்ணீரை இழந்து இணைந்த நீரிலிதான் ஒட்டும். ஆகவே தம்பி அசிட்டிக் நீரிலிப் பீப்பாய்களுக்கு நடுவே புரப்பியானிக் நீரிலிப் பீப்பாய் ஒன்றையும் கவிழ்த்துவிட்டான் என்றார்.

தம்பி வீட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நான் எதையும் மாத்தி ஊத்தலக்கா. தொட்டியத்தான் கழுவல. நேரமில்ல, அப்படியே ஏத்துன்னு மேனேஜர்தான் சொன்னாரு."

அதற்கு முன் அந்தத் தொட்டியில் ஓடியது புரப்பியானிக் அமிலம். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரைசலில் நீரிலியும் அமிலமும் ஒன்றையொன்று சும்மா விடுவதில்லை. நீரிலி தன் பாதியை உதறிவிட்டு அருகிலிருக்கும் வேற்று அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும்; உதறப்பட்ட பாதி அமிலமாகிவிடும். சூடு பட்டால் இன்னும் வேகம். அப்படிப் பிறந்த கலப்பு நீரிலி போய் மருந்தில் ஒட்டும். அடியில் கிடந்த மிச்ச அமிலமே போதும். இது மேலாளருக்குத் தெரியாததா?

மறுநாள் காலை முதலாளி முன்னிலையிலேயே இதை மேலாளரிடம் கேட்டாள். மேலாளர் சிரித்தார்.

"தம்பிக்காகப் பரிஞ்சு பேசறீங்க."

"அப்ப நீங்களே ஊத்துங்க. நான் தொடவே மாட்டேன்."

முதலாளி தலையாட்டியதால் அவர் ஊற்றத்தான் வேண்டியிருந்தது. குடுவையில் அசிட்டிக் நீரிலியும் கொஞ்சம் புரப்பியானிக் அமிலமும் மட்டும். ஒரு மணி நேரச் சூட்டுக்குப் பின் கருவி வரைந்த தாளில், யாரும் ஊற்றாத கலப்பு நீரிலி தனி முகடாகத் தெளிவாக நிமிர்ந்து நின்றது. மருந்தைச் சேர்த்ததும் அதே கோளாறு வந்தது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தம்பியைத் திரும்ப அழைத்தார்கள். ஆனால் அறிக்கையில் 'தொட்டி கழுவப்படவில்லை' என்று மட்டும் இருந்தது. கழுவ வேண்டாம் என்றது யார் என்று எழுதும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான்கு நாள் பேனாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் நாள் எழுதினார்கள். மேலாளர் வேறு கிளைக்குப் போனார், அதுவும் பதவி உயர்வோடு.

"விடுக்கா, வேலை கிடைச்சிடுச்சுல்ல," என்றான் தம்பி.

"கிடைக்கலடா. புடுங்கினதத் திருப்பிக் குடுத்திருக்காங்க. ஒரு மன்னிப்புகூடக் கேக்கல."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.