குதிரைக்கு முன்னால் விழுந்தவர்

போன வாரம் ஆற்காட்டிலிருந்து ஆரணிக்கு மோட்டார் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வழியில் ஓர் எருமை சாவகாசமாகச் சாலையைக் கடந்தது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பக்கத்து அம்மாளின் கூடையில் இருந்த கத்தரிக்காய் அத்தனையும் உருண்டோடி டிரைவரின் காலடியில் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஜரிகைத் துண்டுக்காரர் என் முதுகில் வந்து மோதினார். மோதியவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் டிரைவர் மேல் பாய்ந்தார்.

"யோவ், எதுக்குய்யா புடிச்சித் தள்ற?"

"நான் எங்க சாமி தள்னேன்? வண்டி நின்னுச்சி, நீங்க நிக்கல."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துண்டுக்காரர் முறைத்தார். அவருக்கு எப்படித் தெரியும்? டிரைவர் இப்போது சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னதற்காகத்தான் நான் இளவயதில் ஒரு வேலையை இழந்தேன்.

அது மோட்டார் வராத காலம். ஆரணி ரோடு ஸ்டேஷனில் ரயில் நிற்க ஆரம்பித்துச் சில வருஷங்களே ஆகியிருந்தன. ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் வர ஜட்காதான். பெட்ரோல் நாற்றத்தைக் குறை சொல்கிறவர்கள் ஜட்காவுக்குள் தலையை விட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஈரப் புல், குதிரை வியர்வை, முந்தின சவாரிக்காரர் விட்டுப்போன மூக்குப்பொடி நெடி, எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை. பின்பக்கமாக ஏறி, புல்லின் மேல் விரித்த கோணியில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். இரண்டே சக்கரம் என்பதால் பாரம் சரியாக இருக்க வேண்டும். "கொஞ்சம் முன்னால வாங்க, இன்னும் கொஞ்சம், ஆங், அப்பிடியே பின்னால போங்க" என்று வண்டிக்காரர் நம்மைத் தராசுப் படிக்கல் மாதிரி நகர்த்திக்கொண்டே இருப்பார். ஊர் வந்து சேர்வதற்குள் நம் எடை நமக்கே பாடமாகிவிடும்.

எனக்கு அப்போது இருபது வயது. அப்பா வெம்பாக்கம் பக்கத்தில் மிஷன் சபையின் உபதேசியார். என்னை வேலூரில் உபாத்தியாயினிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே பிரகிருதி சாஸ்திரம் என்று வினா விடையாக எழுதின மெல்லிய புத்தகம் ஒன்று உண்டு. நகராத பொருள் தானாக நகராது, நகரும் பொருள் தானாக நிற்காது, வேறொன்று வந்து தள்ளினாலோ தடுத்தாலோ ஒழிய. இதற்குப் புத்தகத்தில் ஜடத்துவம் என்று பெயர். முதல் பாதியை ஒப்புக்கொண்டேன். இரண்டாம் பாதி சுத்தப் பொய் என்று நினைத்தேன். நான் பார்த்த உலகத்தில் எல்லாம் நின்றுகொண்டேதான் இருந்தன. உருட்டின பந்து நின்றது. தள்ளின வண்டி நின்றது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேனே தவிர நம்பவில்லை.

நம்ப வைத்தது விடுதிக் கஞ்சி. தட்டு நிறையக் கஞ்சியோடு வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். எதிரே மேற்பார்வை அம்மாள் வந்துவிட்டார். நான் நின்றேன். கஞ்சி நிற்கவில்லை. அவருடைய வெள்ளைப் புடவையைத் துவைத்துக்கொடுத்த கையோடு எனக்கு அந்த விதியில் பரிபூரண விசுவாசம் உண்டாயிற்று.

பயிற்சி முடிந்து ஆரணியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு வந்தேன். நெசவுத் தெரு ஒன்றில் இரண்டு அறைப் பள்ளிக்கூடம் அது. தையலும் பாட்டும் கணக்கும் போக, மேல் வகுப்புப் பெண்களுக்குப் பிரகிருதி சாஸ்திரமும் உண்டு. அதைப் பெண்களுக்கு எதற்குச் சொல்லித்தருகிறீர்கள் என்று மாதம் ஒருவராவது வந்து கேட்பார்கள். கேட்கட்டும் என்று நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பில் கனகா என்று ஒரு பெண். பட்டு மண்டி முதலாளியின் மகள். ஒருநாள் கேட்டாள்: "காலி வண்டியும் பார வண்டியும் ஒரே வேகமாத்தான் வருது. காலி வண்டிய நிறுத்தறது சுலபமா இருக்குது, பார வண்டி மட்டும் ஏன் இழுத்துகினு போவுது?" வேகம் மட்டும் பலம் இல்லை, பாரமும் வேகமும் சேர்ந்ததுதான் பலம் என்று பாதி சொன்னேன். மீதியை மறுநாள் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் என்றேன்.

அந்த மறுநாள் காலையில்தான் தெருவில் சத்தம் கேட்டது. குதிரை கனைத்தது, யாரோ அலறினார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். குதிரை முழங்காலிட்டுக் கிடந்தது. வண்டிக்காரர் மஸ்தான் ஏர்க்கால் மேல் குப்புற விழுந்து வாயில் ரத்தத்தோடு எழுந்துகொண்டிருந்தார். கனகாவின் தகப்பனார், கனத்த சரீரம், குதிரையின் தலைக்கும் முன்னால் தரையில் கிடந்தார். மணிக்கட்டு மடங்கியிருந்தது. அவருடைய பித்தளைக் கூஜா அவரையும் தாண்டி, சாக்கடை ஓரம் உருண்டு கிடந்தது. சுவரில் சாய்ந்து அவருடைய மைத்துனர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. ஒவ்வொரு ஜன்னலிலும் முகம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து மஸ்தான் பள்ளி வாசலில் வந்து நின்றார். மேல் உதடு வீங்கியிருந்தது.

"வாத்தியாரம்மா, நான் சாட்டையத் தொடவே இல்ல. அது கூரையில சொருகிகினு இருந்துச்சி. அவரு மச்சான்காரரு குறுக்க பூந்து கடிவாளத்தப் புடிச்சி இழுத்துட்டாரு. இப்ப இன்னாடான்னா நான் குதிரைய அடிச்சி வெரட்டி அவரக் கீழ தள்ளிட்டேன்னு பிராது குடுத்துக்கிறாங்க. லைசென்சு போச்சின்னா நானும் குதிரையும் இன்னா தின்றது?"

"தெருவுல எல்லாரும் பாத்தாங்களே."

"பாத்தாங்கம்மா. எல்லாரு தறியிலயும் மண்டி நூலுதான் ஓடுது. யாரு வருவாங்க?"

மைத்துனருக்கும் முதலாளிக்கும் பாகத் தகராறு இருந்தது ஊருக்கே தெரியும். பிடி கொடுக்காமல் போகிறவரை நடுவழியில் மடக்கிப் பேசலாம் என்று மைத்துனர் நினைத்திருக்கிறார். முதலாளிக்குக் கை ஒடிந்த பிறகு இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். வீட்டுச் சண்டை தெருவுக்கு வந்தது என்று ஊர் பேசக்கூடாது. ஆகவே தெருவில் இருந்த இன்னொருவர் மேல் பழி போயிற்று. "உங்க சாட்சியா என் பேரக் குடுங்க" என்றேன். மஸ்தான் நம்பாமல் பார்த்தார். எனக்கே நம்பிக்கையில்லை. விழுந்ததை நான் பார்க்கவில்லையே.

மாஜிஸ்திரேட் கச்சேரியில் அன்று இடமில்லாத கூட்டம். பெண் ஒருத்தி, அதுவும் பள்ளிக்கூட உபாத்தியாயினி, கூண்டில் ஏறப்போகிறாள் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். முதலாளியின் வக்கீல் வேலூரிலிருந்து வந்தவர்.

"அவர் விழுந்தத நீ கண்ணால பாத்தியா?"

"இல்லீங்க."

"யாராவது குதிரையப் புடிச்சதப் பாத்தியா?"

"இல்லீங்க."

"பின்ன எதப் பாத்துட்டு சாட்சி சொல்ல வந்த?"

"விழுந்த இடத்தப் பாத்தேன்."

கச்சேரி சிரித்தது. மாஜிஸ்திரேட் வயதானவர். பொடி மட்டையை மூடிவிட்டு, "என்னம்மா சொல்ல வர்ற?" என்றார்.

"குதிரைய அடிச்சிக் கிளப்பியிருந்தா வண்டிதான் முன்னால போயிருக்கும். அவரு இருந்த இடத்துலயே தங்கி, பின்பக்கத் திறப்பு வழியா விழுந்திருப்பாருங்க. கூஜாவும் பின்னாலதான் விழும். ரெண்டும் குதிரைக்கு முன்னால கெடந்துச்சி. வண்டி நின்னுச்சி, அவரு நிக்கல. அப்படித்தான் முன்னால விழுந்தாரு."

"ஓடற வண்டியில ஆளு எந்தப் பக்கமும் விழுவான்" என்றார் வக்கீல். "இது பள்ளிக்கூடம் இல்ல, பாடம் நடத்தறதுக்கு."

அந்தப் பேச்சுதான் எனக்கு விடுதிக் கஞ்சியை நினைவூட்டிற்று. ஒரு தட்டில் தண்ணீர் வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டைக் கேட்டேன். அவருக்கும் பொழுது போகவில்லையோ என்னவோ, தலையாட்டினார். டவாலி போட்ட சேவகர் விளிம்பு வரை தண்ணீரோடு தட்டை ஏந்தி வந்தார். அவரை அசையாமல் நிற்கச் சொல்லி, "இப்ப சட்டுனு கிளம்புங்க" என்றேன். கிளம்பினார். தண்ணீர் பின்னால் சாய்ந்து அவருடைய வயிற்றையும் டவாலியின் பித்தளை வில்லையையும் நனைத்தது. மறுபடி நிரப்பி, "இப்ப ஐயாகிட்ட ஜல்தியா நடங்க" என்றேன். மேஜை அருகில் வரும்போது, "நில்லுங்க" என்றேன். அவர் நின்றார். தண்ணீர் நேராகப் போய் மாஜிஸ்திரேட்டின் காகிதங்களில் விழுந்தது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மாஜிஸ்திரேட் ஈரக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சரி, நின்னுச்சின்னே வச்சிக்குவோம்" என்றார் வக்கீல். "குதிரை தானா இடறியிருக்கலாமே. யாரோ நிறுத்தினாங்கன்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்குது?"

"இடறியிருக்கலாங்க" என்றேன். "ஆனா ஒரு கை நிறுத்தியிருந்தா, அந்தக் கை குதிரைய எவ்வளவு இழுத்துச்சோ அவ்வளவு பலமா குதிரையும் அந்தக் கைய இழுத்திருக்கும். சும்மா குதிரை இல்லீங்க. வண்டி, வண்டியில ரெண்டு ஆளு, அத்தன பாரமும் ஓட்டத்துல இருந்தது. அத ஒத்த ஆளு நிறுத்தினா தோள் தாங்காது."

யார் பேரையும் நான் சொல்லவில்லை. ஆனால் கச்சேரி முழுவதும் ஒரே பக்கம் திரும்பிற்று. மைத்துனர் முதல் வரிசையில் வலது கையைத் துணியால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவசரமாக அங்கவஸ்திரத்தை இழுத்து மூடப் பார்த்தார். அந்த அசைவு வலித்திருக்க வேண்டும். "அம்மா" என்று முனகிவிட்டார்.

"உங்க தோளுக்கு இன்னா ஆச்சி?" என்றார் மாஜிஸ்திரேட்.

"கெணத்துப் படியில வழுக்கிட்டங்க."

"எந்தக் கெணறு?"

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். அந்த வாரமே மஸ்தான் விடுதலையானார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். பள்ளி மானேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் அல்ல, பயந்தவர். மேஜை மேல் வெற்றுத்தாள் ஒன்றும் பேனாவும் தயாராக இருந்தன.

"ஒரே வரி எழுதும்மா. தெரியாத விஷயத்துல பேசிட்டேன், மன்னிக்கணும்னு. மண்டி முதலாளி வீட்டுல பொண்ண நிறுத்திட்டாங்க. அக்கம்பக்கத்துலயும் நிறுத்தப் போறாங்க. பள்ளிக்கூடம் நடக்க வேணாமா?"

"பாக்காத விஷயத்துல பேசினேன்னு எழுதச் சொல்லுங்க ஐயா, எழுதறேன். அது நெசம். தெரியாத விஷயம்னு எழுத மாட்டேன். எனக்குத் தெரியும்."

"பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆவாது."

"ஆம்பளைங்க ஒருத்தரும் வரலீங்களே ஐயா. அதனாலதான் நான் போனேன்."

தாளை அவர் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டு வந்தேன். மாதக் கடைசியில் வேலை போயிற்று. தேசூரில் ஒரு சின்னப் பள்ளியில் இடம் கிடைத்தது. பெட்டியும் படுக்கையுமாக என்னைக் கொண்டுபோய் விட்டவர் மஸ்தான்தான். வழியெல்லாம் யோசித்துவிட்டுக் கடைசியில், "நீங்க அன்னிக்குச் சொன்னது எனக்கு ஒண்ணும் புரியலம்மா. குதிரைக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார். தேசூரிலும் முதல் வாரமே அந்த மெல்லிய புத்தகத்தை எடுத்தேன். அங்கேயும் ஒருவர் வந்து, பெண்களுக்கு எதற்கு என்று கேட்டார். "கச்சேரியில உதவும்" என்றேன். அப்புறம் அவர் வரவில்லை.

கனகாவுக்கு அந்த வருஷமே கல்யாணம் செய்துவிட்டார்கள். எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பார வண்டிக் கணக்கின் மீதியை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை. நான் செய்ததில் என்னை உறுத்துவது அது ஒன்றுதான். ஆனாலும் அதே கூண்டில் இன்றைக்கு ஏறச் சொன்னால் ஏறுவேன். தட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கூடுதலாகக் கேட்பேன்.

போன வாரம் இறங்கினதும் அந்தத் தெருவுக்கு நடந்து போனேன். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் அரிசி மிஷின் ஓடுகிறது. ஜட்காக்கள் நின்ற மரத்தடியில் சோடாக் கடை. மஸ்தான் இல்லை, முதலாளியும் மைத்துனரும் இல்லை, ஜன்னல்களில் நின்ற முகங்களும் இல்லை. இவற்றுக்காக நான் அழப்போவதில்லை. ஜட்காவில் தேசூர் வரை போன என் முதுகு அழ விடாது. கச்சேரிக்கும் போய்ப் பழைய வழக்குக் கட்டுகளைக் கேட்டேன். எப்போதோ கரையான் தின்றுவிட்டது என்றார் குமாஸ்தா. தின்றிருக்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. தீர்ப்பு வாசித்த அன்று நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். குற்றம் ருசுவாகவில்லை என்று ஒரே ஒரு வரி. எதனால் நிரூபணமாகவில்லை, யார் வந்து சொன்னது என்று ஒரு வார்த்தை கிடையாது. அதைச் சொல்ல இன்று என்னைத் தவிர ஆள் மிச்சமில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.