காத்தாடிக்கு ஈரத்துணி

எங்கள் வீட்டில் எது ஆடினாலும் தண்ணீர்தான் வைத்தியம். மண்வெட்டிக் காம்பு ஆடினால் வாய்க்காலில் ஊறப்போடுவார்கள். கோடையில் மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டா லொடலொடத்தால் சக்கரத்தையே கழற்றிக் குளத்தில் இறக்குவார்கள். மரம் தண்ணீர் குடித்து உப்பி இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் எங்கள் பண்ணையில் வேலை பார்த்த வீரையன். 'தந்தவர்' என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, அவருக்கு ஐம்பது இருக்கும். "வீரையா, இங்க வா" என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஆட்சி மாறி, பாபநாசம் கடைத்தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி ஏறியிருந்த காலம். எங்கள் வயல் வரப்பிலோ வெறும் சிவப்புக் கொடி. கூலி நெல்லைக் கூட்டிக் கொடுக்காமல் அரிவாள் எடுக்கமாட்டோம் என்று ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் வீரையன். வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுப்பேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மாசி மாதக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. எங்கள் வீட்டு மனிதர் யார் வயலில் கால் வைத்தாலும் கைகலப்பு வரும் என்ற நிலை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் சித்தப்பா ஒரு பொம்மை விமானத்தோடு வந்து இறங்கினார். அப்பாவின் ஒரே தம்பி. திருச்சியில் இன்ஜினியரிங் படித்தார், மாணவர் படையில் விமானப் பிரிவு. ஞாயிற்றுக்கிழமை கல்லூரி மைதானத்தில், பெரிய அதிகாரி முன்னால் அந்த விமானத்தைப் பறக்கவிட வேண்டும். பறந்தால் விமானிப் பயிற்சிக்கு அவர் பெயர் போகும். பறக்காவிட்டால், அப்பா ஏற்கெனவே சொல்லிவைத்தபடி, ஊரோடு வந்து நிலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இன்ஜின் ஒரு எலுமிச்சம்பழ அளவு. அதற்கு எரிபொருளாக மண்ணெண்ணெயோடும் ஈதரோடும் விளக்கெண்ணெய் கலக்க வேண்டுமாம். சமையலறை விளக்கெண்ணெய் முழுக்கப் போய்விட்டது என்று அம்மா புலம்பினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காத்தாடியை மாட்டினார். அவர் அதைப் புரொப்பெல்லர் என்பார், நாங்கள் காத்தாடி என்போம். தட்டில் சாமான்களை வைத்துக்கொண்டு நான் நின்றேன். முதலில் இன்ஜின் தண்டில் சொரசொரப்பான ஒரு வில்லை, அதன்மேல் மரக் காத்தாடி, அதன்மேல் வாசர், கடைசியில் நட்டு. "வாசர் இல்லாம நட்டைப் போட்டா அது மரத்தத் தின்னுடும்" என்றார். நான் குறடை நீட்டினேன். "சீ, குறடு நட்டோட மூலையை மழுக்கிடும். ஸ்பானர எடு." விரலால் தண்டைச் சுற்றி, அது முரண்டு பிடிக்கும் இடத்தில் நிறுத்தி, பத்து மணிக்குச் சின்ன முள் நிற்குமே, அந்தச் சாய்வில் காத்தாடியை வைத்து இறுக்கினார்.

"இன்னைக்கு இறுக்கினது போதாதுடி. மரம் அமுங்கும். நாளைக்கு ஓட்டறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை இறுக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு படித்தவருக்கு இது தெரியவில்லையே! அவர் கைகழுவப் போனதும் பழைய துணியை நனைத்துக் காத்தாடியின் நடுவில் சுற்றிக் கட்டினேன். பொழுது விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் அவிழ்த்துவிட்டேன். சித்தப்பா வந்து ஸ்பானரைப் போட்டுப் பார்த்தார். "அட, இம்மிகூட நகரலையே!" என்று சந்தோஷப்பட்டு அப்படியே விட்டுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வயலை ஒட்டிய களத்தில் விமானத்தை வைத்தோம். "பக்கவாட்டுல நிக்காத, பின்னால வா" என்று என்னை இழுத்து நிறுத்தினார். இன்ஜின் உச்சிவெயில்வரை அடம்பிடித்தது. விரலால் சுண்டிச் சுண்டி அவர் விரல் வீங்கிப்போயிற்று. திடீரென்று ஒரு அலறல், அது ஓடியது. ஐந்து எண்ணுவதற்குள் டப்பென்று சத்தம். நட்டும் வாசரும் என் காலடியில் கிடந்தன. காத்தாடியைக் காணோம். நின்ற கதிருக்குள் போய் விழுந்திருந்தது.

மாற்றுக்கு வேறு காத்தாடி கிடையாது. மறுநாள் ஞாயிறு. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்புவரை ஓடினார். உட்கார்ந்திருந்த ஆட்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

"கையில என்ன அது?" என்றது ஒரு குரல்.

"ஸ்பானர்" என்றார் சித்தப்பா. பிறகு, "வீரையண்ணே, காத்தாடி கழண்டு உள்ள விழுந்துட்டு. எறங்கி எடுத்துக்கட்டுமாண்ணே?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டு ஆளைக் கண்டால் வீரையன் தோள் துண்டை இடுப்புக்கு இறக்குவார். அன்று அது தோளிலேயே கிடந்தது. "நீங்க எறங்க வேணாம் தம்பி, கதிரு கொட்டிப்போவும். நாங்க பாக்குறோம்" என்றார். நாலு பெண்கள் களையெடுப்பதுபோல் வரிசையாக இறங்கிக் கதிரை விலக்கித் தேடினார்கள். காத்தாடி முழுசாகக் கிடைத்தது. வீரையன் அதைத் தடவிப் பார்த்தார்.

"ஊறப்போட்டீங்களா தம்பி?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். என் முழி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வீரையன் சிரித்துவிட்டார். "அட பாப்பா, வண்டிச் சக்கரத்துல மரம் உள்ள, இரும்பு வெளிய. இதுல இரும்பு உள்ள, மரம் வெளிய. ஊறி உப்புனப்ப கெட்டியாத்தான் இருக்கும், வெயில்ல காஞ்சு சுருங்குனா நட்டு லூசாயிடாதா?"

நாங்கள் வீடு வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. அப்பா கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். விமானத்தை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நம்ம நெலத்துல எறங்க அவன்கிட்ட உத்தரவா? எப்பலேந்துடா அவன் உனக்கு அண்ணன்?"

"வயசுல மூத்தவர்தானே" என்றார் சித்தப்பா.

"அப்ப இந்த வீட்டுல உனக்கு அண்ணன் கிடையாது."

சித்தப்பா சாப்பிடாமல் பெட்டியையும் விமானத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பத்து நாள் கழித்து என் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. 'பறந்தது. பயிற்சிக்குப் பெயர் போய்விட்டது. ஓட்டுவதற்கு முன் மறுபடி இறுக்கினேன்.' அவ்வளவுதான். அந்தத் தீபாவளிக்கு அவர் வரவில்லை, அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா முன்னால் போய் நின்று அழுதேன். "சித்தப்பா மேல தப்பே இல்லப்பா. நான்தான் ஈரத்துணி சுத்தினேன். அதனாலதான் காத்தாடி கழண்டுச்சு."

அப்பா, "போய்ச் சாப்பிடு" என்றார்.

அடி விழவில்லை, ஒரு திட்டுக்கூட இல்லை. அப்பாவுக்குக் கோபம் போய்விட்டது, இனி சித்தப்பா வந்துவிடுவார் என்று நிம்மதியாகப் போய் உட்கார்ந்து, அம்மாவிடம் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.