கசாய றோஸ் என்ற பட்டப்பெயர்

றோஸ் அக்கா காய்ச்சலில் இறந்த செய்தி, திருகோணமலை லோஞ்சுப் படகு மறுபடி ஓடத் தொடங்கிய வெள்ளிக்கிழமைதான் மூதூருக்கு வந்தது. லீவில் வீட்டுக்கு வந்த நான், படகு நின்றதால் இங்கேயே அகப்பட்டிருந்தேன். அதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. அன்று விடுதிக்காரர் உங்களோடு கல்லறையடியில் நிற்க முடியாததால் இதை எழுதுகிறேன். நின்றிருந்தாலும் வாய் திறந்திருக்க மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, திருகோணமலைத் துறைமுகத்தடி விடுதியின் சமையலறையில் அக்காவுக்கு உதவியாகச் சேர்ந்தேன். சண்டையால் விருந்தினர் குறைவு. "குசினிக்கு ஒராள் காணும். ஒரு பிழை விட்டாலும் வீட்ட போகவேண்டியதுதான்" என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் வேறு எவருக்கும் வேலை இருக்கவில்லை.

அந்த வருடம் பாதை மூடியதால் நத்தார்ப் பண்டிகைக்கு பியர் லொறி வரவில்லை. கப்பலில் வேலை செய்த அக்காவின் தம்பி, முளைக்கவைத்து உலர்த்திய பார்லி ஒரு மூட்டையும், பியருக்குக் கசப்பும் வாசமும் தரும் ஹொப்ஸ் பூ ஒரு பையும் கொண்டுவந்திருந்தார். ஒரு தடவை காய்ச்சத்தான் காணும். இடித்த பார்லியைச் சுடுநீரில் ஊறவைக்கும்போது அக்கா விரலை விட்டுப் பார்த்தார். "விரலை வைக்க ஏலும், வைச்சிருக்க ஏலாது. அதுதான் பதம், பிள்ளை."

வடித்த இனிப்பு நீரை அடுப்பில் ஏற்றிவிட்டுச் சாமான் வாங்கப் புறப்பட்டார். "கொதிச்சதும் பூவைப் போடு" என்றார், வாசல் படலையில் நின்றபடி. எவ்வளவு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்கா சோதனைச் சாவடியில் மறிபட்டு நின்ற நேரத்தில், நான் முழுப் பையையும் கொட்டி, அம்மா கசாயம் காய்ச்சுவதுபோல் அரைவாசி வற்றும்வரை கொதிக்கவிட்டேன்.

வந்தவர் பானைக்குள் பார்த்து, அகப்பையால் கொஞ்சம் எடுத்து நக்கினார். "தண்ணி வத்தினா பியர் பலக்கும். அது நல்லது. வாசம்தான் ஆவியோட போயிட்டுது. கடைசியிலயும் பூ போடவேணும், தெரியுமே?" நான் அழுதுகொண்டு நின்றேன். அக்கா அறைக்குள் போய்த் தன் தலையணையின் தையலைப் பிரித்தார். ஷெல் சத்தத்தில் நித்திரை வராததால், அந்த வாசம் நித்திரை தருமென்று ஹொப்ஸ் பையிலிருந்து முன்பே எடுத்த ஒரு பிடி பூவைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்திருந்தார். ஈஸ்ட் சேர்த்த பியர் நுரைத்து அடங்கியதும், அந்தத் துணிமுடிச்சைப் பீப்பாய்க்குள் தொங்கவிட்டார்.

நத்தாரன்று முதலாளி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். "றோஸ், இதென்ன கசாயமோ?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "ஓம் ஐயா, என்ர கைப்பக்குவம். இன்னொரு கிளாஸ் குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ."

மூன்றாவது கிளாஸில் முதலாளி பாடத் தொடங்கினார். அந்தப் பியரின் கசப்பையும் வாசத்தையும் நீங்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அன்றிலிருந்து ஊருக்கே அவர் கசாய றோஸ். சந்தையில் மீன்காரர்கள் அப்படிக் கூப்பிட்டால், "என்னடா, உனக்கும் காய்ச்சலோ?" என்று சிரித்துக்கொண்டு போவார். யாருடைய பிழை என்று யாரிடமும் சொல்லவில்லை. என் வேலை போகவில்லை. தங்கச்சிமார் இருவரும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அந்தக் கசாயத்தைக் காய்ச்சியது நான். முதலாளியும் இதை வாசிப்பார்; வாசிக்கட்டும். கல்லறையில் அக்காவின் சொந்தப் பெயரை மட்டும் எழுதுங்கள். பட்டப்பெயரை நான் வைத்துக்கொள்கிறேன்.