ஆஷி என்று சொல்லு

படபடவென்று மெல்லிய சத்தம். வெளிநாட்டில், பாசல் நகரத்து எங்கள் வீட்டுச் சமையலறையில் மகள் கிண்ணத்துப் பொரியில் பாலை ஊற்றினாள். அந்தச் சத்தம் என்னைப் பாங்குராவுக்கு இழுத்துப் போய்விட்டது.

அப்பாவின் வங்கி வேலைக்காக வங்காளத்து நெல்வயல்களுக்கு நடுவே மூன்று வருடம் இருந்தோம். பக்கத்து வீட்டு மாலதி மாஷி சுடுமணலில் அரிசி பொரிப்பாள். மாஷி என்றால் சித்தி. வயலுக்குப் போகிறவர்கள் அதைத் தண்ணீரில் நனைத்து, பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு தின்பார்கள். பேச்சு முடியும் இடமெல்லாம் 'பொட்டே' என்பார்கள், நம் 'தானே' மாதிரி. எனக்கும் ஒட்டிக்கொண்டது. "சோறு போதும் பொட்டே" என்பேன். "தமிழச்சிதானாடி நீ?" என்று அம்மா தலையில் குட்டுவாள்.

அப்பாவுக்கு மாற்றல் வந்தது. ஜீப்பில் ஏறிக்கொண்டு, "ஜாய், மாஷி" என்றேன். போகிறேன் என்று பொருள். மாஷி என் வாயைப் பொத்தினாள்.

"அப்படிச் சொல்லக் கூடாது. ஆஷின்னு சொல்லு. வரேன்னு சொல்லு."

எட்டு வயதில் எனக்குப் பொய் பிடிக்காது. "நாங்கதான் திரும்பி வரமாட்டோமே, மாஷி."

ஜீப் நகர்ந்தது. மாஷி ஒரு டின் பொரியை என் மடியில் வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மகளின் கிண்ணத்தில் சத்தம் அடங்கிவிட்டது. மாஷி கடைசியாகச் சொன்னது மட்டும் இன்னும் கேட்கிறது.

"தெரியும் பொட்டே. இருந்தாலும் சொல்லு."