சந்திரனில் விளக்கு எரியுமா

எங்கள் தமிழ்த் தாலுகாக்களைத் திருவிதாங்கூரிலிருந்து பிரித்து மதராஸோடு சேர்க்கக் கேட்டு எல்லைப் போராட்டம் நடந்த வருடங்களில் நானும் என் கணவரும் பாறசாலைக்கு அருகே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். அவர் சயன்ஸ் வாத்தியார். நான் தமிழ். மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில், ராக்கெட்டில் சந்திரனுக்குப் போகிறவர்களைப் பற்றித் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. முதலில் நான் வாசிப்பேன். பிறகு அவர் வாங்கிக் குற்றம் கண்டுபிடிப்பார்.

"சந்திரனில காத்து உண்டா? பின்ன அரிக்கேன் விளக்கு எப்படி எரியும்?"

"அது கதையாக்கும். எனக்கு ராக்கெட்டில போன அந்தப் பயலுக்க அம்மை என்ன ஆனாளுண்ணு தெரியணும்."

"விளக்கே கள்ளமுண்ணா அம்மையை மட்டும் எப்படி நம்புறது?"

திருவனந்தபுரத்திலிருந்து அவர் இரவல் வாங்கிவந்த ஆங்கில நாவலை வாசித்துச் சொல்லச் சொன்னேன். அதில் எரிபொருளின் எடை, பூமி இழுக்கும் இழுப்பு எல்லாம் சரியாக இருந்தன. நான்கு பேர் சந்திரனுக்குக் கிளம்பினார்கள். ஒருவருக்கும் வீடு இல்லை. ஒருவன் வழியில் செத்தான். மற்ற மூவரும் மீதி எரிபொருளைப் பார்த்தார்கள்.

"இதை வாசிச்சு ஆருக்காவது அழுகை வருமா?" என்றேன்.

"செத்தவனுக்க எடையைச் சரியா கழிச்சிருக்கான் பாரு," என்று அவர் சிரித்தார்.

ஒருநாள் ஊர்வலத்துக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. போலீஸ் அடித்துக் கொண்டுபோனதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். மறுநாள் நான் பள்ளிக்கூடம் போனேன். என்ன பாடம் நடத்தினேன் என்று நினைவில்லை.

பதினொரு நாள் கழித்து விட்டார்கள். கண்கள் வீங்கி மூடியிருந்தன. கஞ்சி குடித்துவிட்டு, "பத்திரிகை வந்துதா?" என்றார். எடுத்து வாசித்தேன். ராக்கெட்டை நடுவானில் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து ஒருவன் பூமியைப் பார்த்துக் கைகாட்டினான். தப்பு என்று எனக்கே தெரிந்தது. அவர் பேசட்டும் என்று நிறுத்தினேன்.

"எதுக்கு நிறுத்தின?"

"ஜன்னலைத் திறந்திருக்கான்."

"திறக்கட்டும். வாசி."

அம்மாவுக்கு மகனின் கடிதம் கிடைக்கிற இடம் அடுத்து வந்தது. எத்தனையோ வாரங்களாக அதற்குத்தான் காத்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்துப் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

எல்லை முடிவான அன்று நான் மரச்சீனிக் கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் நின்று சொன்னார்:

"நம்ம தாலுகா இஞ்ச கேரளத்திலதானாம்."

"சரி," என்றேன்.

கிழங்கை உப்புப் போட்டு அவித்தேன். இருவரும் தின்றோம்.