பொடி விழாத வீடு

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வந்தது. கொண்டுவந்தவர்கள் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தெர்மாகோலை ஒவ்வொன்றாக உருவினார்கள். அந்தக் கிறீச் சத்தம் சிலருக்குப் பல்லைக் கூசவைக்கும். எனக்கு அம்மா இருந்த ஊர் வீட்டை ஞாபகப்படுத்தும். "இதையும் எடுத்துட்டுப் போயிருங்கண்ணே" என்று மனைவி சொன்னது அவர்கள் காதில் விழவில்லை. கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் இதைக் கேட்டு வாங்க நான் கடை வாசலில் காத்துக் கிடந்தேன் என்றால் நம்புவீர்களா?

எங்கள் ஊர் நார்த்தாமலைக்குக் கிழக்கே, சைக்கிள் மிதிக்கிற தூரம். பார்த்த பக்கமெல்லாம் மொட்டைப் பாறை. பகல் முழுக்க வாங்கிய வெயிலை அது பொழுது சாய்ந்ததும் ஊருக்குத் திருப்பிக் கொடுக்கும். கோயில் பார்க்க வருகிறவர்கள் மலைமேல் நின்று "என்ன காத்து" என்பார்கள். கீழே குடியிருந்து பார்த்தால் தெரியும். எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. பனைமரத்தில் அறுத்த பனங்கைகள், குறுக்கே மூங்கில், அதன்மேல் ஓடு. இரண்டு அடுக்காக இருந்த ஓடு குரங்குகளின் புண்ணியத்தில் ஓர் அடுக்காகிவிட்டது.

அப்பா போன பிறகு அம்மா அங்கே தனியாக இருந்தாள். நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் கல்லூரியில், இயற்பியல் ஆய்வகத்தில் தற்காலிக உதவியாளன். அந்தத் தற்காலிகம் பத்து வருஷம் ஓடியது. ஓர் அறையில் மூன்று பேர் தங்கியிருந்தோம். சனிக்கிழமை ஆனால் ஊருக்குப் போவேன். ஒரு சித்திரையில் அம்மா அடுப்படியில் மயங்கி விழுந்தாள். ரத்தக்கொதிப்பு, வெக்கையில் இருக்கக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்ததும் அம்மா சொன்னாள், "அவரு சொல்லுவாரு. நான் எங்கிட்டும் வரமாட்டேன்ப்பா. என்னைய இந்த வீட்டுலேருந்துதான் தூக்கணும்."

ஆக, வீட்டைக் குளிர்விப்பது என் பொறுப்பாயிற்று. வெப்பம் கடத்தாப் பொருள்கள் என்று பலகையில் எழுதிப்போடுகிறவன் அல்லவா நான். மேலே காற்றை அடைத்துவைத்தால் சூடு இறங்காது. அதற்குத் தெர்மாகோல் போதும். என்னோடு படித்த ஒருவன் ஃப்ரிட்ஜ் விற்கும் கடையில் இருந்தான். வீணாகக் கிடந்த பெட்டித் தெர்மாகோலையெல்லாம் எனக்காகச் சேர்த்துவைத்தான். வாராவாரம் ஒரு கட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவேன். "இதுக்கு டிக்கெட் போடவா, இல்ல ஒங்களுக்குப் போடவா?" என்று ஒரு நாள் கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

தெர்மாகோலைத் தாங்க அடியில் ஏதாவது இழுத்துக் கட்ட வேண்டும். பலகைக்கு வசதியில்லை. ஆலங்குடிப் பக்கம் ஆடி மாசத்தில் மொய் விருந்து நடக்கும் அல்லவா, அதற்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனர்கள் நாலு ஓசியில் கிடைத்தன. வரிசையாகக் கும்பிட்டபடி, விருந்துக்கு அழைக்கிறவர்களின் முப்பது நாற்பது தலைகள். வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தைக் கீழே வைத்து அடிக்கத்தான் நினைத்தேன். அம்மா தடுத்தாள். "ஆளுக இங்கிட்டுப் பாத்தே இருக்கட்டும்ப்பா. தனியாத்தான கெடக்கேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும், வெக்கை குறைந்தது. அம்மா மத்தியானத்தில் வீட்டுக்குள்ளேயே படுத்துத் தூங்கினாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து "கையத் தூக்கிப் பாருங்க, சில்லுன்னு இருக்கா?" என்று காட்டினாள். இரண்டு கோடை அப்படிப் போயின. அவள் என்னைப் பற்றிப் பெருமைப்பட்டது அந்த இரண்டு வருஷம்தான் என்று நினைக்கிறேன்.

இங்கே அம்மாவின் விளக்குமாறு பற்றிச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் காலையில் கூட்டும்போது தரையில் சலித்த மாவு போலப் பொடி கிடக்கும். மூங்கிலையும் பனங்கையையும் வண்டு துளைக்கிற பொடி. கிடந்த இடத்தைச் சுற்றி அம்மா கரித்துண்டால் ஒரு வட்டம் போடுவாள். அதற்கு நேர் மேலேதான் வண்டு இருக்கும். கம்பு நுனியில் துணி சுற்றி வேப்பெண்ணெயில் தோய்த்து அங்கே தடவுவாள். பொடி நிற்காவிட்டால் ஆசாரியைக் கூப்பிடுவாள், அவர் அந்த ஒரு மூங்கிலையோ பனங்கையையோ மட்டும் உருவி மாற்றுவார். வீட்டுக்குள் எங்கே பார்த்தாலும் கரி வட்டமாக இருக்கிறதே என்று சின்ன வயதில் எனக்கு வெட்கம்.

மேலே ஃப்ளெக்ஸ் அடித்த பிறகு தரை பளிச்சென்று இருந்தது. "பாரும்மா, பொடியே விழுகல" என்று நான்தான் முதலில் சொன்னேன். அம்மா அண்ணாந்து பார்த்தாள். "அதான்ப்பா. விழுகவே மாட்டேங்குதே" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இல்லை. அது எனக்கு அப்போதே கேட்டது, கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். அடுத்த வருஷம் பேனர் அங்கங்கே தொப்பை போட்டது. "பிரிச்சு ஒரு தடவ பாத்துருவமா?" என்றாள். பிரித்தால் திரும்ப இழுத்துக் கட்டுவது யார் என்ற அலுப்பு எனக்கு. வெயிலில் ஃப்ளெக்ஸ் இளகும்மா என்று அளந்துவிட்டு, இன்னும் இருபது ஆணி வாங்கி இறுக்கி அடித்தேன்.

இரண்டாவது கோடை முடிந்து வந்த ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றபோது ஒரு பனங்கை முறிந்து, பாதிக் கூரை அவள் கட்டில்மேல் இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆசாரி ஒவ்வொரு பனங்கையாகத் தட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் பொக்கை. "எம்புட்டு நாளாத்தா பொடி விழுந்துச்சு?" என்று கேட்டார். "விழுகவே இல்லண்ணே" என்றாள் அம்மா. கிழிந்த பேனரிலும் தெர்மாகோலிலும் ஈரத்தில் களியாகிப்போன பொடி, ஒரு மூட்டைக்கு இருக்கும். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மரத்தை மாற்ற ஆகும் செலவுக்கு என்னால் முடியவில்லை. டவுனில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து அம்மாவைக் கூட்டிவந்தேன். காங்கிரீட் கூரை. அங்கும் காலையில் அவளே கூட்டுவாள். கூட்டி ஒதுக்கிய குப்பையை அள்ளுமுன் குனிந்து, விரலால் கிளறிப் பார்ப்பாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் "இங்கயெல்லாம் ஒண்ணும் விழுகாதும்மா" என்றேன்.

"அங்கயும் ஒண்ணும் விழுகலன்னுதானப்பா சொன்னே" என்றாள். குத்திக்காட்டவில்லை. ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னாள்.

நாலு வருஷம் கழித்து அந்த வாடகை வீட்டிலிருந்துதான் அவளைத் தூக்கினோம். பிறகுதான் எனக்கு வேலை நிரந்தரமானது, கல்யாணம் ஆனது, இந்த வீடு வந்தது. ஊரில் இப்போது சுவர்கூட இல்லை. மழையில் கரைந்து மேடாகி, மேலே கருவை மண்டிக் கிடக்கிறது. பனங்கையும் ஓடும் கரி வட்டம் போட்ட தரையும் போன இடம் தெரியவில்லை. தெர்மாகோல் துண்டுகள் மட்டும் அன்றைக்கு வாங்கிய மாதிரியே செடிகளுக்கிடையே வெள்ளையாகக் கிடக்கின்றன.

ஃப்ரிட்ஜ் வந்த அன்று ஹாலெல்லாம் தெர்மாகோல் குருணை. நானே கூட்டினேன். முறத்தில் அள்ளுமுன் குனிந்து, விரலால் கிளறிப் பார்த்தேன். "என்ன தொலைச்சீங்க?" என்று கேட்டாள் மனைவி.