டிகோரிக்குக் கொடுத்த பதில்

அப்பாவை வியாழக்கிழமை அடக்கம் செய்தோம். பாஸ்கோ ட்ரெவாரோ. கார்ன்வாலில் வெள்ளீயச் சுரங்கப் பொறியாளர். முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸில், சுரங்கப் படையின் கேப்டன். நானும் சுரங்கப் பொறியாளன்தான். ஆனாலும் அந்தப் போரைப் பற்றி அவர் என்னிடம் பேசியதில்லை. அவருடைய சார்ஜென்ட் ஹெட்லி யூரன், கல்லறையிலிருந்து திரும்பி எங்கள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னது இது.

ஜெர்மானியர் பிடித்திருந்த மேட்டுக்கு அடியில் களிமண்ணைக் குடைந்து வெடிமருந்தை அடுக்கி முடித்திருந்தார்கள். எதிரியும் அதே மண்ணைக் குடைந்துகொண்டிருந்தான். சத்தம் கேட்டால் அந்த இடத்தைக் குறிபார்த்து வெடி வைப்பான். அதனால் மல்லாந்து சாய்ந்து, மண்வெட்டியைக் காலால் உதைத்து உதைத்தே மண் எடுத்தார்கள். பேச்சு கிடையாது.

அப்படியும் ஒருநாள் எதிரி வெடி வைத்தான். வெடிமருந்து அறைக்குப் பக்கத்துக் கிளைப்பாதை சரிந்தது. டிகோரி நன்கிவெல் அதற்கப்பால் சிக்கிக்கொண்டான். எங்கள் ஊர்க்காரன்.

சற்று நேரத்தில் தட்டல் கேட்டது.

"நம்மூர் சுரங்கத்துல தட்டுமே, அந்தப் பேய் இங்கயும் வந்துருச்சா, கேப்டன்?" என்றார் யூரன், ரகசியக் குரலில்.

"பேய்க்குத் தாளம் தப்பாது. இது டிகோரி. கோயில் பாட்டுலயே தப்பா தட்டுற பய."

எங்கள் சுரங்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. சிக்கியவன் தட்டுவான். இந்தப் பக்கமிருந்து மூன்று தட்டல் போனால், வருகிறோம், அசையாதே என்று பொருள். பிறகு அவன் தட்டமாட்டான். படுத்துக் கிடந்து காற்றை மிச்சம் பிடிப்பான். பதில் வராவிட்டால் கையாலேயே மண்ணைப் பறிக்கத் தொடங்குவான். காற்று சீக்கிரம் தீரும்.

"பதில் குடுத்தா எதிரிக்குக் கேக்குமே, கேப்டன்."

"குடுக்கலேன்னா இவன் தட்டுறது கேக்கும்."

அப்பா பூட்ஸைக் கழற்றி, குதிகாலால் மூன்று முறை தட்டினார். அந்தப் பக்கம் தட்டல் நின்றது.

முறைபோட்டு அவனை நோக்கி மண்ணை உதைத்து எடுத்தார்கள். பாதி தூரம்கூடப் போகவில்லை. மேலிருந்து உத்தரவு வந்தது: விடியலில் தாக்குதல், பாதையை உடனே மணல்மூட்டையால் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் வெடி மேலே போகாமல் பாதை வழியே திரும்பி வீணாகும். டிகோரி கிடந்த கிளைப்பாதை அடைப்புக்கு உட்புறம், வெடிமருந்துப் பக்கம் இருந்தது.

அப்பா தொலைபேசியில் ஒருநாள் கேட்டார். பிறகு அரைநாள் கேட்டார். மேட்டில் ஏறக் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிச் சொன்னார்கள். அப்பா தொலைபேசியை வைத்தார்.

"அவன்கிட்டச் சொல்லிருங்க, கேப்டன்."

"எப்படித் தட்டிச் சொல்றது?"

வரமாட்டோம் என்பதற்கு எங்கள் வழக்கத்தில் தட்டல் இல்லை. யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

யூரன் பூட்ஸை எடுத்தார். "எதையாவது தட்டுறேன். சந்தேகம் வந்து அவனா தோண்டட்டும்."

அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எங்கய்யா தோண்டுவான்? நாம வர்றோம்னு நினைச்சுப் படுத்திருக்கான். அப்படியே இருக்கட்டும்."

மூட்டை அடுக்கினார்கள். கடைசி மூட்டை வரை உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. "கத்தியிருந்தா தேவலை, தம்பி," என்றார் யூரன் என்னிடம். "சொன்ன பேச்சைக் கேட்டுக் கிடந்தான்."

விடியலில், வெடிப் பிடியை அழுத்த யூரன் முன்வந்தார்.

"தள்ளு. மூணு தட்டினது நான்தானே," என்றார் அப்பா.

மேடு எழுந்து விழுந்தது.

ஊர் திரும்பியதும் டிகோரியின் மனைவி லவ்டே வந்து நேராகக் கேட்டாளாம்: "அவர் தட்டினாரா, கேப்டன்?"

"இல்லம்மா. மண்ணு விழுந்தப்பவே போயிட்டான்."

"அப்ப வலிச்சிருக்காது." அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லவ்டே எங்கள் வீட்டுக்குக் குங்குமப்பூ கேக் கொண்டுவந்தாள். அப்பா வாசலில் நின்று இரு கைகளாலும் வாங்கிக்கொள்வார். ஒரு துண்டுகூட வாயில் வைத்ததில்லை. பிள்ளைகள் நாங்கள் தின்று தீர்த்தோம்.